கொத்தூரு, கொத்தூரி, கோட்டூர்: மூன்றும் ஒரே வீட்டுப் பெயர்தானா?

ராயக்கோட்டைவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், ‘கொத்தூரு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் அது ‘கொத்தூரி’ என்றும், அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ‘கோட்டூர்’ என்றும் இருக்கிறது. என் பெயருக்கு முன்னால் ‘கே’ என்ற ஓரெழுத்து மட்டுமே மிஞ்சியுள்ளது. சூளகிரிப் பக்கம் ‘புதூரார் வீடு’ என்று அழைக்கப்படும் குடும்பத்திலிருந்து என் மகளுக்கு வரன் வந்தபோது, அவர்கள் நமக்குப் பங்காளிகள் என்று என் அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். இதை எப்படி உறுதி செய்வது?

தேன்கனிக்கோட்டைக்காரன்:
முதல் இரண்டும் ஒன்றுதான், ஐயா. தெலுங்கில் ‘கொத்த’ என்றால் புதிய. ‘ஊரு’ என்பது ‘ஊருடைய’ என்ற பொருளில் வரும்போது ‘ஊரி’ ஆகும். ஆகவே ‘கொத்தூரி’ என்பது எழுத்துப் பிழையன்று, இலக்கணப்படி வந்த வடிவமே. ‘கோட்டூர்’ மட்டும் ஆங்கிலத்தைச் சுற்றி வந்த வடிவம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘டி’ என்ற எழுத்தை இரண்டு முறை போட்டால் அதைத் ‘த்த’ என்றும் படிக்கலாம், ‘ட்ட’ என்றும் படிக்கலாம். ‘கொ’, ‘கோ’ என்ற குறில் நெடில் வேறுபாடும் அங்கே தெரியாது. அதைப் பார்த்து மறுபடியும் தமிழில் எழுதியவர் கோட்டூர் ஆக்கியிருப்பார். புதூர் என்பது மொழிபெயர்ப்பாக இருக்கலாம். கன்னட ‘ஹொசூரு’ என்பதற்கும் அதே பொருள்தான், நம் ஓசூரே அப்படி வந்த பெயர். ஆனால் புதூர் இல்லாத வட்டம் நம் பக்கம் ஏது? பொருள் ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.

பாலக்கோடு பத்திர எழுத்தர் (ஓய்வு):
பெயரின் பின்னால் அலையாமல் நிலத்தின் பின்னால் போங்கள். பெயரை எழுதுபவர் மாற்றுவார். சர்வே எண்ணை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது, மாறினாலும் பழைய எண்ணைக் குறிக்க, கிராம நிலங்களின் விவரம் எழுதியிருக்கும் ‘அ’ பதிவேட்டில் தனிக் கலம் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டு நகலைக் கேளுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்த நிலம் யார் யாருக்குப் பிரிந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும். இணையத்தில் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பெயர் அட்டவணையில் தேட வேண்டும். அப்போது க வரிசையில் மூன்று வடிவங்களையும் தேடச் சொல்லுங்கள். 1965 அக்டோபருக்கு முன் நம் பகுதி முழுவதும் சேலம் மாவட்டம் என்பதால், பழைய ஆவணங்களில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. இன்னொன்று: பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம் ஆகையால், ஒரே பெயரில் வரும் இருவரை ஒருவராக எண்ணிவிடாதீர்கள். தகப்பன் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் மருமகள்:
ஐயா, பழைய மொய் நோட்டு இருந்தால் அதையும் பாருங்கள். எங்கள் மாமனார் திருமணத்து நோட்டில் ஊர், வீட்டுப் பெயர், ஆள் பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் பேச்சு வழக்கிலேயே இருந்தன. மாமன் முறைக்காரர்கள் யார், பங்காளிகள் யார் என்பதும் அதில் ஓரளவு தெரிந்துவிடும். உங்கள் அத்தையிடம் அந்தக் குடும்பத்தின் குலதெய்வக் கோயில் எது என்றும் கேளுங்கள். கட்டிக் கொடுத்துப் போன பெண்களுக்குத்தான் பிறந்த வீட்டுக் கிளைகள் நன்றாக நினைவிருக்கும்.

ராயக்கோட்டைவாசி:
மூவருக்கும் நன்றி. மொய் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் தாத்தாவின் கிரயப் பத்திரத்தை மீண்டும் எடுத்து நான்கெல்லைப் பகுதியைப் படித்தபோது, இதுவரை நான் கவனிக்காத ஒரு வரி கண்ணில் பட்டது: வடக்கே ‘புதூரான் பாகத்து நிலம்’ என்றிருக்கிறது. ‘பாகம்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. அயலார் நிலமாக இருந்தால் வெறுமனே நிலம் என்றல்லவா எழுதியிருப்பார்கள்? அந்தச் சர்வே எண்ணுக்கு ‘அ’ பதிவேட்டு நகல் கேட்டு மனுக் கொடுத்துவிட்டேன். நகல் கைக்கு வரும்வரை வரன் பேச்சைத் தள்ளி வைத்திருக்கிறோம்.