வெஸ்ட்ரான் கேசட்: கடையில அடிபட்டதுக்கு மவுசா, சீல் பிரிக்காததுக்கா?

பழைய_டெக்: நியூஜெர்சில ஒரு கராஜ் சேல்ல வெஸ்ட்ரான்னு அந்தக் காலத்துல படக் கேசட் போட்ட அமெரிக்கக் கம்பெனியோட வீடியோ கேசட் 11 மாட்டுச்சு, எல்லாமே வாடகைக் கடையில ஓடுனது, மொத்தமா 20 டாலர். பார்கோடு, ரீவைண்ட் பண்ணிக் குடுங்கன்னு மஞ்ச ஸ்டிக்கர், ஒண்ணுல யாரோட பல்லு தடமோ தெரியல. சீல் பிரிக்காததை விட எனக்கு இதான் உசத்தி. இல்லன்றவங்க வாங்க.

புளூரே_பாண்டி: வந்துட்டேன். ஊரான் அழுக்குக்கு 20 டாலரா தல? லயன்ஸ்கேட்னு படக் கம்பெனி 2016லேர்ந்து வெஸ்ட்ரான் பேர்லயே பழைய திகில் படத்தையெல்லாம் ப்ளூரேல விடுறான், பளிச்னு இருக்கு. விஎச்எஸ்ல, அதான் இந்த டேப் கேசட்ல, என்ன, படத்தோட தெளிவு சுமார் 240 லைன்தான், பேய் எது செவரு எதுன்னே தெரியாது.

பழைய_டெக்: படம் பாக்க நானும் ப்ளூரேதான்யா போடுறேன். விஷயம் வேற. 1981ல ஆஸ்டின் ஃபர்ஸ்ட் ஆரம்பிச்ச கம்பெனி இது, கனெக்டிகட்ல ஸ்டாம்ஃபோர்டு. அப்பல்லாம் ஒரு கேசட் 80 டாலர் வாக்குல, எவன் வீட்டுக்கு வாங்குவான், கடைக்காரன்தான் வாங்குவான், வாங்குனத வாடகைக்கு விட அமெரிக்கச் சட்டப்படி யாரையும் கேக்கவும் வேணாம், அதனால கம்பெனிக்காரனே கடையை நம்பித்தான் போட்டான். சீல் பிரிக்காம இருக்கேன்னு நீங்க கும்புடுறது அன்னிக்கு போணியாகாத சரக்கு.

கிரேடு_குமார்: போணியாகாத சரக்கா 🙄 2022ல சீல் பிரிக்காத பேக் டு த ஃப்யூச்சர் கேசட் ஏலத்துல 75,000 டாலர் போச்சு. ஒங்க பல்லுத்தடம் எவ்ளோ போகும்?

பழைய_டெக்: அது வெஸ்ட்ரானே இல்ல குமாரு. அந்தப் படத்துல வில்லனா வந்த டாம் வில்சன் கையில இருந்த காப்பி, விலை அவருக்கு. அதை வச்சு எல்லா சீலுக்கும் ரேட் சொல்லாத.

மாலா: தம்பிங்களா, நான் 88லேர்ந்து மூணு வருஷம் குயின்ஸ்ல ஒரு வாடகைக் கடையில நின்னவ. அட்டைப்பெட்டியைக் கத்திரியால நாலு பக்கமும் வெட்டி ப்ளாஸ்டிக் கவருக்குள்ள சொருகுறதே என் வேலை, இப்ப கேசட் சேக்குறவங்க அதையே வெட்டுப்பெட்டின்னு கழிக்கிறாங்களாம், மன்னிச்சிடுங்க. டர்ட்டி டான்சிங் வெஸ்ட்ரானோட சொந்தப் படம், அந்தக் கேசட்ட எது எடுத்தாலும் கடைசி டான்ஸ் வர்ற எடத்துல வெள்ளக் கோடு ஓடும், அம்புட்டு தடவ ரீவைண்ட் பண்ணி நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்காங்க. அவ்ளோ ஓடியும் அந்த கம்பெனி 91ல இன்னொருத்தன் கைக்குப் போயிருச்சு.

புளூரே_பாண்டி: அக்காவே சொல்லிட்டாங்க, பெட்டியும் வெட்டு, டேப்பும் தேஞ்சது. மிச்சம் என்ன இருக்கு?

பழைய_டெக்: அந்த வெள்ளக் கோடுதான்யா மிச்சம்! அது எந்த ப்ளூரேல வரும்?

மாலா: கோடு இருக்கட்டும், கேசட்டோட ஜன்னல் வழியா டேப் சுருளைப் பாத்தியா? வெள்ளையா மாவு பூத்தாப்ல இருந்தா பூஞ்சை, டெக்ல, அதான் கேசட் ஓட்டுற மெஷின்ல, போட்றாத, டேப்ப படிக்கிற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். புது டெக் வாங்கவும் முடியாது, கடைசியா செஞ்சிட்டிருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாயே 2016ல நிறுத்திட்டான்.

பழைய_டெக்: டார்ச் அடிச்சுப் பாத்தேன்க்கா. 11ல மூணுல இருக்கு. ஒண்ண நேத்தே போட்டுப் பாத்துட்டேன்.

கிரேடு_குமார்: 😂😂

மாலா: ஹெட்ட கழுவுற வரைக்கும் அந்த டெக்ல வேற எதையும் போடாத. ஹெட்டு தொடைக்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இருக்கா வீட்ல?