புதுப்பிப்பு: காய்கறிக் கடைகளும் தெருவில் திரியும் மாடுகளும்

சென்னையின் தெருவோரக் காய்கறிக் கடைகளில் மாடுகளால் ஏற்படும் நட்டம் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "ஒரு மாடு அப்படி எவ்வளவு தின்றுவிடும்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தத் தொடர்ச்சி.

தின்பது கொஞ்சம்தான். ஆனால் மாடு வாய் வைத்த கீரைக்கட்டை யாரும் வாங்க மாட்டார்கள். மிதிபட்ட தக்காளியும் அப்படித்தான். மாடு நிற்கிற பக்கம் குழந்தையோடு வருபவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். அந்த வியாபாரம் எந்தக் கணக்கிலும் வராது. சாக்கு விரித்து விற்கும் அக்காக்களில் பலர் தண்டலுக்கு (தினமும் தவணையாகத் திருப்பிக் கட்டும் கடனுக்கு) பணம் வாங்கித்தான் கோயம்பேட்டில் சரக்கு எடுக்கிறார்கள். கீரை போனாலும் அன்றைய தவணையைக் கட்டியாக வேண்டும். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

சரி, மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடும் உரிமையாளர்களுக்கு அபராதம்? மாநகராட்சி 2024-இல் அதை முதல் முறைக்கு 10,000 ரூபாயாகவும், மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது. அது தேவைதான். ஆனால் நகரத்துக்குள் மேய்ச்சல் நிலம் இல்லை, தீவனமும் விலை அதிகம். பால் கறந்ததும் அவிழ்த்துவிட்டால் சந்தைக் கழிவிலேயே வயிறு நிரம்பிவிடும். கூடவே பிளாஸ்டிக் பையும் உள்ளே போகிறது, பாவம்.

அதனால் முட்டைக்கோஸ் இலை, அழுகிய தக்காளி எல்லாவற்றையும் கடை கட்டும்போதே மூடிய தொட்டியில் போட்டு, அன்றிரவே அள்ள வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். மூடிய தொட்டியையும் இரவே கழிவு அள்ளுவதையும் கேட்க வேண்டிய இடம் அந்தக் குழுதான். உங்கள் பகுதிப் பிரதிநிதியைத் தெரிந்தவர்கள் அவரிடம் பேசுங்கள்.