சௌகார்பேட்டை முறுக்கு சாண்ட்விச்: சாப்பிட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வண்ணாரப்பேட்டைக்காரன்

வடசென்னைச் சௌகார்பேட்டையில் மின்ட் தெரு பக்கம் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: ரொட்டிக்குப் பதில் முறுக்கு, நடுவில் வெண்ணெய், புதினாச் சட்னி, தக்காளி, வெள்ளரி, வெங்காயம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி, மாடிப்படி இறங்க மாட்டார். ரொம்ப நாளாக ஆசையாகக் கேட்டது இது ஒன்றுதான். வழக்கமாக நிற்கும் வண்டியில் பார்சல் கேட்டேன். முறுக்கில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "பார்சல் கிடையாதுண்ணா, இங்கயே சாப்ட்டுப் போ" என்றார். அம்மாவுக்கு என்று சொல்லியும் கேட்கவில்லை. "வீடு போறதுக்குள்ள நமுத்துடும்" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில் வாங்கினேன். அவர் மறுபேச்சில்லாமல் மடித்துக் கொடுத்தார்.

வீட்டில் பிரித்து எடுத்தால் முறுக்கு உடையவில்லை, வளைகிறது. புதினாச் சட்னி சுற்றுகளின் இடுக்கில் எல்லாம் இறங்கி, தக்காளித் தண்ணீரோடு கலந்து, காகிதத்தில் பச்சையாகத் தேங்கி நின்றது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பெருமை பேசின?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. வீடு வரை மொறுமொறுப்பு நிற்கிற மாதிரி கட்டித் தரும் கடை எது?

மண்ணடி மருமகள்

பார்சல் விஷயம் எனக்குத் தெரியாது. என் மனசில் நிற்பது வேறு. பொழுது சாய்கிற நேரம், ஒரு பெரியவர் அவசரமாக வந்து இந்தியில் ஏதோ சொன்னார். கடைக்காரர் உடனே கையைக் கழுவி, அடியில் இருந்து வேறு பலகை, வேறு கத்தி, தனிக் கிண்ணத்தில் சட்னி என்று எடுத்து வைத்தார். வெங்காயம் இல்லை, அதற்குப் பதில் மெலிசாகச் சீவிய மாங்காய். பெரியவர் நின்றபடியே வேகவேகமாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பக்கத்தில் நின்ற பெண்தான் சொன்னார். ஜைனர்களில் நிறைய பேர் இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்களாம். வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், பீட்ரூட் என்று மண்ணுக்கு அடியில் விளைவது எதுவும் ஆகாது. நானும் அதையே கேட்டு வாங்கினேன். வெங்காய நெடி இல்லாததால் முறுக்கின் உளுந்து வாசனை நன்றாகத் தெரிந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் வெங்காயம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மாங்காய் கிடைக்காத மாதங்களில் மட்டும் மனசு ஏங்குகிறது.

சேலத்துப் பையன்

எல்லாரும் இதைச் சௌகார்பேட்டைச் சொத்து என்கிறீர்கள். எங்கள் ஊர் தட்டுவடை செட்டைச் சாப்பிட்டதில்லையா? சேலத்தில் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு வண்டி நிற்கும். தட்டுவடை ஒன்று, அதன் மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும், துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. அப்படியே வாய்க்குள் போகும். வடசென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் இந்த முறுக்கைக் கடித்தேன், பாதி உடைந்து சட்டை மேல் விழுந்தது. காரச் சட்னி கேட்டதற்குக் கெட்ச்அப் ஊற்றினார்கள். சாண்ட்விச்சில் இனிப்பா? அந்த ருசி நாக்கில் பட்டதும் ஊருக்கு பஸ் ஏறிவிடலாமா என்று இருந்தது.

பெரம்பூர் அக்கா

சேலத்துத் தம்பி, தட்டுவடை வேறு, முறுக்கு வேறு. செட்டில் சட்னிதான் ராஜா. இங்கே வெண்ணெய். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சண்டை போடாதீர்கள். கெட்ச்அப் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம்தான்.

வண்ணாரப்பேட்டைத் தம்பி, அந்த முதல் கடைக்காரர் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. உங்கள் கையில் நமுத்த பொருளைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு நீங்களே வீட்டில் செய்து கொடுங்கள். கைமுறுக்கு, தேன்குழல் எல்லாம் சரிப்படாது. தட்டையாக, சுற்று நெருக்கமாக, உள்ளங்கை அகலத்தில் இருக்கிற முறுக்காக வாங்குங்கள். முதலில் வெண்ணெய். ருசிக்கு மட்டும் இல்லை, சட்னி ஈரத்தை முறுக்குக்குள் சீக்கிரம் இறங்க விடாது என்பதற்காகவும்தான். அதனால் ஓரம் வரை தடவ வேண்டும். சட்னிக்குப் புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டு, தண்ணீர் விடாமல் கெட்டியாக அரையுங்கள். தக்காளியில் விதைப் பகுதியை வழித்து எடுத்துவிடுங்கள், வெள்ளரிக்காயை நறுக்கித் துணியில் ஒற்றி எடுங்கள். உப்பை முன்கூட்டியே போடவே கூடாது, காய் தண்ணீர் விட்டுவிடும். சாட் மசாலாவும் உப்பும் கடைசியில், அம்மா கையில் கொடுப்பதற்குச் சற்று முன்னால் தூவினால் போதும். அப்புறம், வயதானவர் என்கிறீர்கள், பல் எப்படி? முறுக்கு ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஈறு குத்தும்.

என் அனுபவம் என்றால், காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி சாப்பிட்டுவிட்டு இதைச் சாப்பிட்டேன், காரமே தெரியவில்லை. முதலில் இதைச் சாப்பிடுங்கள், பிறகு ஜிலேபி.

ராயபுரத்து அத்தோ

வடசென்னை என்றால் சௌகார்பேட்டை மட்டும்தானா? பீச் ஸ்டேஷன் எதிரில், பர்மா பஜார் பக்கம் வாருங்கள். 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அங்கே கிடைக்கும். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் சொல்வது முட்டை மசாலா. வெந்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர் வைத்து அமுக்கிக் கையில் கொடுப்பார்கள். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அப்படியே முழுசாக வாயில் போட்டேன். பூண்டு நறுக்கென்று உடைந்தது, புளி தொண்டையில் இறங்கியது. ரொட்டியும் கிடையாது, முறுக்கும் கிடையாது. எனக்கு அதுதான் சாண்ட்விச்.

யானைக்கவுனி

மொத்தக்கடையில் வேலை பார்த்தபோது சாயங்கால டீ நேரத்தில் எங்களுக்கு இதுதான். என் வருத்தம் எல்லாம் சீஸ் மேல்தான். போன தடவை ஒரு கடையில் முறுக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துருவிக் கொட்டினார்கள். பக்கத்தில் நின்ற பையன்கள் போன் எடுத்துப் படம் பிடிக்க, கடைக்காரர் இன்னும் கொஞ்சம் துருவினார். படம் எடுத்து முடிப்பதற்குள் அடியில் முறுக்கு ஊறிவிட்டது. அவர்கள் அதில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள், பார்க்க மனசு கேட்கவில்லை.

வண்ணாரப்பேட்டை அண்ணே, பெரம்பூர் அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவ்வளவு பாடு வேண்டாம். டிபன் பாக்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டு அதே முதல் ஆளிடம் போங்கள். முறுக்கு ஒன்றில், காயும் சட்னியும் இன்னொன்றில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். எனக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் சேருவதற்கு முன்னால் போங்கள், அப்போதுதான் நின்று பேசுவார்கள்.