இரண்டு ரவுட்டர்: ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பிங் போகவில்லை

வணக்கம் நண்பர்களே. எங்கள் சிறிய அலுவலகத்தில் இரண்டு ரவுட்டர்கள். முதலாவதன் முகவரி 192.168.1.1, இணையம் அதில்தான் வருகிறது. அதன் லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டிலிருந்து இரண்டாவதன் வேன் (வெளி இணைப்பு) போர்ட்டுக்குக் கேபிள் போகிறது. இரண்டாவதன் வேன் முகவரி 192.168.1.2, உள்பக்கம் 192.168.2.1. இரண்டிலும் இணையம் நன்றாகவே வருகிறது.

இரண்டாவதில் உள்ள கணினிகள் முதல் பக்கத்துப் பிரிண்டரை எட்டுகின்றன. ஆனால் முதல் பக்கத்திலிருந்து 192.168.2.10 என்ற ஃபைல் சர்வருக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) கூடப் போகவில்லை. இரண்டாவது ரவுட்டரின் நேட் (உள் முகவரிகளை ரவுட்டரின் வெளி முகவரிக்குப் பின்னால் மறைக்கும் வசதி) தடுக்கிறது என்பது புரிகிறது. முதல் ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் (ஒரு நெட்வொர்க்குக்குப் போகும் வழியைக் கையால் குறிப்பது) சேர்த்துவிட்டேன்: 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. அப்படியும் பலனில்லை.

இரண்டாவதில் டிஹெச்சிபியை (கணினிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) அணைத்து, லேனுக்கு லேன் இணைத்து, அதை வெறும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றலாம். எளிய வழி அதுதான். ஆனால் கணக்குப் பிரிவுக் கணினிகள் தனி நெட்வொர்க்கில் இருப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன், அதை விட மனமில்லை.

இரண்டாவதில் நேட்டை அணைத்தால், 192.168.2.0-இலிருந்து வரும் போக்குவரத்தை முதல் ரவுட்டர் இணையத்துக்கு அனுப்புமா? அதன் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காப்பு) வேன் பக்கத்திலிருந்து எந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும், ஃபைல் பகிர்வுக்கான 445 மட்டும் போதுமா? இப்படி அமைத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.