பத்தாயிரம் மணி நேரத்தில் கூடைப்பந்து சேருமா?

வெயிலான்:
நேற்று ஒருவர் தடகளப் பயிற்சியாளர்கள் படிக்க வேண்டிய நூல்கள் என்று பட்டியல் போட்டிருந்தார். முதலிடம் மால்கம் கிளாட்வெல்லின் ‘அவுட்லையர்ஸ்’. கூடவே, அந்த நூல் பரப்பிய கணக்கை வைத்து, 10,000 மணி நேரம் உழைத்தால் யாரும் உலக சாம்பியன் ஆகலாம் என்று ஒரு வரி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2007 ஒசாகா உலகப் போட்டியில் 2.35 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய பஹாமாஸின் டொனால்ட் தாமஸ், அந்த விளையாட்டுக்கு வந்தே இரண்டு வருடம் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து தாண்டிய ஏதென்ஸ் ஒலிம்பிக் சாம்பியன் ஸ்டெபான் ஹோல்முக்கு நான்காம் இடம். இதை விரிவாகப் பேசும் டேவிட் எப்ஸ்டைனின் ‘தி ஸ்போர்ட்ஸ் ஜீன்’ பட்டியலிலேயே இல்லை!

கோடுதாண்டி72:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்ல வாய் வராதோ? தாமஸ் அதற்கு முன் கூடைப்பந்து ஆடியவர். கூடைப்பந்தை உட்கார்ந்துகொண்டா ஆடுவார்கள்? அந்த மணிகளைக் கூட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

வெயிலான்:
கூடைப்பந்தில் முதுகை வளைத்துக் கம்பிக்கு மேலே போகிறார்களா? எங்கள் தெருவில் இருபது வருடமாக வாலிபால் ஆடுகிறார்கள். 2.35 தாண்டியவனைக் காணோம்.

கோடுதாண்டி72:
உங்கள் தெருவில் பயிற்சியாளர் இல்லை. நான் 31 வருடம் பி.டி. மாஸ்டர். குதிப்பது குதிப்பதுதான். ஹோல்மின் உயரம் 1.81 மீட்டர். 2005-ல் மாட்ரிட் உள்ளரங்கில் 2.40 தாண்டினார், தன் தலைக்கு மேல் 59 சென்டிமீட்டர்! இது உழைப்பா, அப்பன் பாட்டன் சொத்தா?

நூலகப்பூனை:
10,000 என்பது உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பெர்லின் வயலின் மாணவர்களில் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சேர்த்த சராசரி அது. அதுவும் தனியாகச் செய்த பயிற்சி மட்டும். ஆட்டம் ஆடியதெல்லாம் அதில் வராது. கிளாட்வெல் தவறாக விளங்கிக்கொண்டார் என்று எரிக்சனே பின்னர் எழுதினார்.

கோடுதாண்டி72:
வயலின் வாசிக்கிறவன் குதிப்பானா? நான் கேட்டது கூடைப்பந்து. சேருமா, சேராதா?

வெயிலான்:
குதிப்பது குதிப்பதுதான் என்றால் தவளைக்குத்தான் தங்கம் தர வேண்டும். மாஸ்டர் திருத்திக்கொள்கிற ஆளா? போன மாதம் இதே இடத்தில், 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா பத்தில் ஒரு நொடியில் வெண்கலத்தை விட்டார் என்று எழுதினார். நூறில் ஒரு நொடி என்று காட்டினோம். இன்றுவரை அப்படியே கிடக்கிறது.

கோடுதாண்டி72:
அது தட்டச்சுப் பிழை. தாமஸைப் பற்றிச் சொல்லுங்கள். ஒசாகாவுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றாவது வாங்கினாரா? நின்று காட்டியது யார்?

வெயிலான்:
2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம். அதுவும் தட்டச்சுப் பிழையா?

கரிசல்காடு:
சண்டை இருக்கட்டும். பட்டியலில் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லையே. கிராமத்துப் பள்ளி மாஸ்டருக்கு இதையெல்லாம் யார் படித்துக் காட்டுவது?

கோடுதாண்டி72:
பி.டி. மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியாது என்கிறீர்களா?

கரிசல்காடு:
நான் எங்கே சார் அப்படிச் சொன்னேன்?

கோடுதாண்டி72:
சொல்லவில்லை, நினைத்தீர்கள். எங்கள் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும்போதும் இப்படித்தான் நினைப்பார்கள்.

நூலகப்பூனை:
நிலைத்து நிற்பது பற்றித்தான் பேச்சு என்றால் ஜான் வுடனைப் படியுங்கள். அமெரிக்காவின் யுசிஎல்ஏ கல்லூரி அணிக்கு 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். முதல் பட்டம் வந்தது 1964-ல், அவர் அங்கே சேர்ந்து 16-வது பருவத்தில். சீசனின் முதல் நாளில் சாக்ஸ் போடச் சொல்லிக் கொடுப்பாராம், சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும் என்று. உழைப்பா ஜீனா என்பதைவிட இதுதான் எனக்கு...

கோடுதாண்டி72:
அவர் என்ன விளையாட்டு? கூடைப்பந்து! நன்றி பூனை.

நூலகப்பூனை:
சார், நான் சொல்ல வந்தது அதில்லை.

வெயிலான்:
சாக்ஸ் போட்ட மணிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள் மாஸ்டர்.

கோடுதாண்டி72:
கூட்டுவேன். தாமஸ் எந்த வயதில் பந்தைத் தொட்டார் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். நாளைக் காலை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.