துபாய் மணல்மேட்டுக்கு 66 வயசு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கித்தாக்காட்டுப் பிள்ளை:

வணக்கம். நம்ம பேராக் சுங்கை சிப்புட்காரங்க (மலேசியா) யாராச்சும் துபாய் போய் வந்திருந்தா கொஞ்சம் சொல்லுங்க. டிசம்பர் பள்ளி விடுமுறையில நாங்க அஞ்சு பேர் போறோம். நான், வீட்டுக்காரர், பிள்ளைங்க ரெண்டு பேர் (12, 8), அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 66. முப்பது வருசம் தோட்டத்துல பால்மரம் (ரப்பர்) சீவின கால், ரெண்டு முட்டியும் தேஞ்சு கிடக்கு. சர்க்கரையும் இருக்கு. ஏரோப்ளேன் ஏறுறதே இதுதான் முதல் தடவை.

தம்பி அங்க வேலை செய்றான். சாயங்காலப் பாலைவனச் சுற்றுக்கு எல்லாருக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்தே தீருவேன்னு நிக்கிறான். காணொளி அனுப்பியிருந்தான். ஜீப்பு குட்டிக்கரணம் அடிக்கல, அது ஒண்ணுதான் பாக்கி. அம்மா பார்த்துட்டு, "இது என்னாடி, தோட்டத்துல காலையில பேர் கூப்பிடற பிரட்டு முடிஞ்சு டிராக்டர்ல போன மாதிரி இருக்கு"ன்னு சிரிக்கிறாங்க. எனக்குத்தான் வயித்தக் கலக்குது.

எத்தனை மணிக்குக் கிளம்பி எப்ப திரும்புவாங்க? அந்தக் குலுக்கல் எவ்வளவு நேரம்? வழியில கழிவறை உண்டா? அம்மா மாட்டிறைச்சி தொட மாட்டாங்க, வெள்ளிக்கிழமைன்னா சுத்த சைவம். அவங்களை ஓட்டல்ல தனியா விட்டுட்டுப் போக மனசு வரல.

பழைய லாரிக்காரன்:

தங்கச்சி, நான் போன சனவரியில போனேன், மக வீட்டுக்கு. 22 வருசம் செம்பனைக் குலை லாரி ஓட்டினவன், அதனால ஜீப்பு சமாச்சாரத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். பொறுத்துக்க.

மூணு மணிக்கு வாசல்லயே வந்து ஏத்திக்கிட்டாங்க. லேண்ட் குரூசர். டிரைவர் போக ஆறு பேர்: முன்னால ஒண்ணு, நடுவுல மூணு, பின்னால ரெண்டு. நாங்க நாலு பேருங்கறதால வேற ஊர்க்கார இளஞ்சோடி ஒண்ணை எங்களோட போட்டுட்டாங்க. அங்கதான் வினை. டிரைவர் கொஞ்சம் நிதானமா ஓட்டினா அந்தப் பையன் "இன்னும் வேகம், இன்னும் வேகம்"னு கத்துறான். நீங்க அஞ்சு பேரு, தம்பியோட ஆறு. முழு வண்டியையும் எடுத்துடுங்க, அப்ப மெதுவாப் போன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

ஹத்தா போற சாலையில முக்கால் மணி நேரம் போனா லஹ்பாப். அங்க மணல் செவப்பு, நம்ம தோட்டத்துச் செம்மண் நிறம். ஆனா கையில அள்ளினா ஒட்டாது, தண்ணி மாதிரி விரலிடுக்குல ஓடிடும். மணல் மேல இரும்புத் துரு படிஞ்சதால வந்த நிறமாம்.

மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி சாலையோரம் ஒரு கடை வாசல்ல நிறுத்துவாங்க. கழிவறை அங்கயே இருக்கு, அம்மாவை முதல்ல அதுக்கு அனுப்பு. அங்க ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வந்து தலையில துண்டு கட்டி விடுவான். கட்டி முடிச்சப்புறம்தான் விலை சொல்லுவான். நாலு சக்கர மோட்டார் ஓட்டணும்னாலும் அது தனிக் காசு. பையனுக்கு 12ன்னு சொன்னேல்ல, அவன் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்க.

இப்ப என் பாடம். டிரைவர் இறங்கி நாலு டயர்லயும் காத்தைத் தொறந்து விட்டாரு. என் பேரன் டயர் பஞ்சர்னு அலறுறான். நான் கிட்டப் போய் அளவுக்கருவியை எட்டிப் பார்த்தேன், 35ல இருந்தது 15க்கு வந்துருச்சு. காத்து குறைஞ்சா டயர் ஒட்டகத்தோட பாதம் மாதிரி அகலமாப் பரவும், மணல்ல புதையாது. நம்ம பக்கம் மழைக்காலத்துல சேத்துல மாட்டினா புதுசா வந்த பையன் எண்ணெயை அமுக்கு அமுக்குன்னு அமுக்குவான், சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கும். மணலும் அதே சாதிதான்.

டிரைவர் பெஷாவர்க்காரர். ஏன் பிரேக்கே போட மாட்டேங்கிறீங்கன்னு என் ஓட்டை இந்தியில கேட்டேன். போட்டா முன்சக்கரத்துக்கு முன்னால மணல் குவிஞ்சு மூக்குக் குத்திக்கும்னாரு. மேட்டு உச்சியில ஒரு நொடி, கண்ணாடியில வானம் மட்டும்தான் தெரியும், தரையே இருக்காது. அடுத்த நொடி மூக்கு கீழ சாயும். வண்டி பக்கவாட்டுல வழுக்கினப்ப மனுசன் ஸ்டேரிங்கை மேட்டுப் பக்கம் திருப்பல, பள்ளத்துப் பக்கமே திருப்பி நேரா இறக்கிட்டாரு. மேல ஏத்தப் பார்த்திருந்தா உருண்டிருப்போம். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப் போச்சு. என் வீட்டுக்காரிக்கு அதெல்லாம் தெரியாது, கண்ணை மூடினவ "முருகா முருகா"ன்னு பத்துமலைக்கே போய் வந்துட்டா.

எங்களுக்கு அது மொத்தம் 25 நிமிசம். ஆறு மணி நேரத்துல குலுக்கல் அவ்வளவுதான் தங்கச்சி. காணொளியில அதை மட்டும் வெட்டிப் போடுறானுங்க, மிச்ச அஞ்சரை மணி நேரத்தை எவனும் போடுறதில்ல.

கடைசிச் சீட்டு பின்னச்சுக்கு மேல இருக்கு, தூக்கித் தூக்கிப் போடும். அங்க நீயும் மாப்பிள்ளையும் உக்காருங்க. அம்மாவுக்கு முன்சீட்டு. ஆனா முதுகுத்தண்டு, கழுத்து, இருதயம், புது ஆபரேஷன்னு ஏதாச்சும் இருந்தா மேட்டுல ஏத்தவே ஏத்தாத. மணல்மேடு ஏறாம நேராக் கூடாரத்துக்குக் கொண்டு போற வண்டியும் உண்டு. சீட்டு எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்க. மணல்ல நின்னுக்கிட்டுக் கேட்டா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.

அப்புறம் பொழுது சாயுற நேரம் ஒரு மேட்டுல நிறுத்தினாங்க. டிசம்பர்ல அஞ்சரைக்கெல்லாம் இறங்கிடும். எல்லாரும் படம் புடிக்க ஓடிட்டாங்க, நான் செருப்பைக் கழட்டிட்டு நின்னேன். மேல் மணல் சூடு, விரலை நுழைச்சா உள்ள சில்லுன்னு இருக்கு. ஒரு வண்டு நடந்து போன தடம், தையல் மிஷின்ல நூல் ஓட்டின மாதிரி மேட்டு உச்சி வரைக்கும் போகுது. அந்தச் சோடி கத்தின கத்தலுக்கு அப்புறம் அந்த அமைதிக்கே குடுக்கலாம் காசு.

கூடாரத்துல பேரீச்சம்பழமும் காப்பியும் குடுப்பாங்க. காப்பின்னதும் நம்ம ஒட்டுக்கடைக் காப்பியை நினைச்சுடாத. பிடியில்லாத குட்டிக் கிண்ணம், ஏலக்காய் வாசம், பாலும் இல்ல சீனியும் இல்ல. குடிக்கக் குடிக்க ஊத்திக்கிட்டே இருப்பாங்க. போதும்னா கிண்ணத்தை லேசா ஆட்டிக் காட்டணும். தெரியாம நான் ஏழு கிண்ணம் குடிச்சு ராத்திரி முழுக்க முழிச்சுக்கிடந்தேன்.

உக்காரறது தரையில, மெத்தை போட்டு. முட்டி தேஞ்சவங்களுக்கு அது ஆகாது, போனதும் நாற்காலி கேளு. சோறு, பருப்பு, ரொட்டி, கொண்டைக்கடலை அரைச்ச ஹம்முஸ், காய்கறி எல்லாம் இருந்துச்சு, சைவம் பட்டினி கிடக்காது. கோழியும் ஆடும் சுட்டுக் குடுத்தாங்க. அரைச்ச இறைச்சியில செஞ்ச கபாப்பு மட்டும் என்ன இறைச்சின்னு கேட்டுட்டுத் தொடச் சொல்லு. ஒன்பது மணிக்குத் திரும்ப ஓட்டல்.

கேமரன் மலைக்குப் போடுற சுவெட்டரை எடுத்துக்க. பாலைவனம்னா வேகும்னு நினைச்சு நான் டீ-சட்டையோட போனவன், எட்டு மணிக்குப் பல் தட்டுச்சு.

ஈயக்குட்டை:

மணல் பார்க்க ஏழு மணி நேரம் பறக்கணுமா? கிந்தா பள்ளத்தாக்குல பழைய ஈயக்குட்டை ஓரம் வெள்ளை மணல் மலை மலையா கொட்டிக் கிடக்கு. நான் மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போறேன், ஒரு தே தாரிக் (ஆத்தின பால் டீ) வாங்கிக் குடுத்தாப் போதும்.

பழைய லாரிக்காரன்:

உன் மோட்டார்ல ஏறுறதுக்கு அந்தம்மா ஒட்டகத்துல ஏறலாம்.

மாத்திரை அக்கா:

சிரிச்சுட்டேன். நான் ஆஸ்பத்திரியில வேலை செய்றவ, அதனால யாரும் கேக்காத ஒண்ணைச் சொல்றேன்.

துபாய் நம்மளைவிட நாலு மணி நேரம் பின்னால. கூடாரத்துல சாப்பாடு போடுறது ஏழரை எட்டு மணி. அம்மா உடம்புக்கு அது நடுராத்திரி பன்னிரண்டு. ஊர்ல ஏழு மணிக்கு மாத்திரை போட்டுச் சாப்பிடற ஆளு அந்த நேரம் வரைக்கும் வெறும் வயித்தோட இருந்தா சர்க்கரை இறங்கிடலாம். படபடன்னு வரும், வேர்க்கும், அதை எல்லாரும் ஜீப்பு மயக்கம்னு நினைச்சுக்குவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட மாத்திரை நேரத்தை எழுதி வாங்கிக்குங்க. கைப்பையில ரொட்டியும் மிட்டாயும் இருக்கணும். போய்ச் சேர்ந்த மறுநாளே இந்தப் பயணத்தை வைக்காதீங்க, ரெண்டு நாள் தள்ளி வைங்க.

வாந்தி மாத்திரை ஏறுறதுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால போடணும், குலுக்க ஆரம்பிச்சப்புறம் போட்டுப் பிரயோசனமில்ல. சிலது தூக்கம் வர வைக்கும், அம்மாவோட மத்த மாத்திரைங்களோட ஒத்துப்போகுமான்னும் அதே டாக்டர்கிட்டக் கேட்டுக்குங்க. மதியம் அரை வயிறு போதும், பிரியாணி வேணாம். சின்னதுக்கு அசாம்போய் (உப்புப் போட்டுக் காய வச்ச புளிப்புப் பழம்) வாயில அடக்கிக்கச் சொல்லுங்க. கோடாலித் தைலம் நான் சொல்லாமலே அம்மா எடுத்து வச்சிருப்பாங்க.

மூணாங்கல் மருமகள்:

விலையைப் பார்த்து மட்டும் ஏமாந்துடாதீங்க சிஸ்டர். நாங்க இருக்கறதுலயே மலிவுன்னு 80 திர்ஹத்துக்கு எடுத்தோம். ஜீப்பு வரல, பஸ்ஸு வந்துச்சு. மணல் ஓரத்துல இறக்கிவிட்டு, மேடு ஏறணும்னா தலைக்கு இன்னும் காசுன்னாங்க. முன்னால மேடைக்கிட்ட உக்காரவும் காசு, பருந்தைக் கையில வச்சுப் படம் எடுக்கவும் காசு. கணக்குப் பார்த்தா பக்கத்து வீட்டுக்காரங்க 200 குடுத்ததைவிட எங்களுக்குக் கூடுதலா ஆச்சு. திர்ஹம் நம்ம மலேசிய வெள்ளியைவிட (ரிங்கிட்) கொஞ்சம் பெருசு, அதையும் மனசுல வச்சுக்குங்க. வண்டி என்ன, ஓட்டல்ல வந்து ஏத்துவாங்களா, மேட்டுல எத்தனை நிமிசம், சாப்பாடு சேர்த்தியா, இது நாலும் எழுத்துல இருக்கணும்.

அப்புறம் ஆட்டம். பாவாடையைச் சுத்திச் சுத்தி ஒருத்தர் ஆடுவாரு, தனூரா. பாவாடையில விளக்கு எரியும், பிள்ளைங்க வாயைப் பிளந்துடும். நெருப்பு வித்தையும் நல்லாயிருக்கும். நடுவுல இடுப்பாட்டம் ஒண்ணு வரும், மாமியாரோட உக்காந்து பார்க்க எனக்குத்தான் கூச்சம். அவங்க என்னடான்னா, "பாவம், இந்தக் குளிர்ல இந்தத் துணியோட"ன்னாங்க. ரமலான்ல போனா அந்த ஆட்டம் இருக்காது.

கித்தாக்காட்டுப் பிள்ளை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுல உக்காந்து அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். முடிவு இப்படி: தம்பி முழு வண்டி எடுக்கறான், வியாழக்கிழமை. மேட்டுல ஏறுறதா இல்லையான்னு டாக்டர் சொல்றபடி. அம்மா ரெண்டு கேள்வி கேக்கச் சொன்னாங்க. ஒண்ணு, ஒட்டகத்துல ஏறலாமா? ரெண்டு, அங்க மரமே இருக்காதா? (முப்பது வருசம் மரத்தோட இருந்தவங்க, முதல்ல அதைத்தான் கேக்குறாங்க.)

பழைய லாரிக்காரன்:

மரத்தை முதல்ல சொல்றேன். போற வழியில அங்கங்க மணல் நடுவுல தனியா பச்சையா நிக்கும், காஃப்னு சொல்றாங்க. டிரைவர் காட்டினப்ப எனக்கு எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. இலையைக் கிட்டப் பார்த்தா நம்ம வன்னி மரம் தங்கச்சி! விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா நிக்குதே, அதே சாதி. அந்த நாட்டுக்கு அதுதான் தேசிய மரமாம், 2019ல சகிப்புத்தன்மை ஆண்டுன்னு கொண்டாடினப்ப அதைத்தான் சின்னமா வச்சாங்களாம். வேர் ரொம்ப ஆழத்துக்குப் போய்த் தண்ணி தேடும்னாரு. அம்மாகிட்டச் சொல்லு, சந்தோசப்படுவாங்க. இலையைப் பறிக்க வேணாம், தொட்டுக் கும்பிட்டுட்டு வரட்டும்.

ஒட்டகம் அஞ்சு நிமிசம்தான், கூடாரத்தைச் சுத்தி ஒரு நடை. நடக்கறது ஒண்ணும் செய்யாது, எழுந்திரிக்கறதும் உக்காரறதும்தான் ஆபத்து. அது பின்னங்காலை முதல்ல தூக்கும், ஏறி உக்காந்தவங்க மூக்கு முன்னால குப்புறப் போற மாதிரி இருக்கும். உக்காரும்போது முன்னங்காலை முதல்ல மடக்கும், மறுபடியும் முன்னாலதான் தள்ளும். ரெண்டு தடவையும் அம்மா பின்னால சாஞ்சு, கட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். முட்டி மடக்கிக் காலை அகட்டிப் போடணும், அது அவங்களுக்கு வலிக்குமான்னு வீட்டுலயே ஒரு பெஞ்சியில உக்கார வச்சுப் பாரு.

சேலையோட ஏத்தாத. பஞ்சாபி சூட் ஒண்ணு தைச்சுக் குடு.

கித்தாக்காட்டுப் பிள்ளை:

பெஞ்சியில உக்காந்து பார்த்துட்டாங்க அண்ணே. வலிக்கலையாம். பஞ்சாபி சூட்டுக்குத்தான் இப்ப வீட்டுல சண்டை, இந்த வயசுல நான் அதைப் போடவான்னு கேக்குறாங்க. சனிக்கிழமை ஈப்போவுக்குத் துணி பார்க்கப் போறோம்.