உலர் திராட்சை தின்ற நாய், சிறுநீர் குறைகிறது: அவசரம்

எங்கள் பீகிள் (3 வயது, 11 கிலோ) நேற்றிரவு 9 மணிக்கு ஒரு கைப்பிடி உலர் திராட்சையைத் தின்றுவிட்டான். அரை மணி நேரத்தில் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். பாதிதான் வெளியே வந்தது. நஞ்சை உறிஞ்சும் கரித்தூளும் கொடுத்தார். உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள் சிலர்; அதுவே நாய்க்கு நஞ்சு, கொடுக்கவில்லை.

காலையில் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு) 1.2, இயல்புதான். ஆனால் சிறுநீரகம் கெடுவது 24 முதல் 72 மணி நேரத்தில்தான் தெரியுமாம். மதியத்திலிருந்து சாப்பிடவில்லை, இரண்டு முறை வாந்தி, ஒரே ஒரு முறை கொஞ்சமாகச் சிறுநீர். மருத்துவர் போனை எடுக்கவில்லை. கேட்ட இன்னும் இரண்டு இடங்களில் இரவில் ஆள் இல்லை.

எவ்வளவு தூரமானாலும் இப்போதே கிளம்புகிறோம்: இரவு முழுக்க டிரிப் ஏற்றிக் கண்காணிக்கும் கால்நடை மருத்துவமனை எது?